அரிய மரபுவழி வளர்சிதைமாற்ற நோய்களில் செவித்திறன் மறுவாழ்வு

அரிய மரபுவழி வளர்சிதைமாற்ற நோய்களில் செவித்திறன் மறுவாழ்வு என்பது, உடலின் வேதிவினை ஒன்றில் பிறவியிலேயே குறையுடையவர்கள் அதன் விளைவாகக் கேட்கும் திறனை இழக்கும்போது அவர்களுக்குத் தரப்படும் நோயறிதல், மருந்து, கருவி, பேச்சுப் பயிற்சி, கல்வி ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். பிற காரணங்களால் வரும் காது கேளாமைக்கான மறுவாழ்விலிருந்து இது ஒரு வகையில் அடிப்படையாகவே வேறுபடுகிறது. இங்கு காது என்பது நோயின் ஓர் உறைவிடம் மட்டுமே. நோய் மூளையிலும் நரம்பிலும் கண்ணிலும் இதயத்திலும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கக்கூடும். இந்நோய்களுள் சில, விலை மலிவான உயிர்ச்சத்து மாத்திரை ஒன்றால் கட்டுப்படுபவை. காரணத்தைத் தேடாமல் காதுக்கருவியை மட்டும் பொருத்தி அனுப்பினால், கருவி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே குழந்தை பார்வையையோ நடையையோ இழக்க நேரிடலாம்.

இக்கட்டுரை இந்நோய்களுள் காதைப் பெரிதும் தாக்குபவற்றையும், தாமிரபரணிப் படுகையில் அமைந்த திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ளோர்க்குக் கிடைக்கும் வழிகளையும் விளக்குகிறது.

நோய் காதை எட்டும் விதம்

உணவில் உள்ள பொருள்களைச் சிதைத்து ஆற்றலாகவும் உடற்கூறாகவும் மாற்றும் வினைகளின் தொகுதியே வளர்சிதைமாற்றம். ஒவ்வொரு வினைக்கும் ஒரு நொதி தேவை. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு உண்டு. மரபணு பிழைபட்டால் நொதி குறைகிறது. அதன் பின் மூன்றில் ஒன்று நிகழலாம்: சிதைக்கப்படாத பொருள் உயிரணுக்களுக்குள் குப்பையாகச் சேரலாம், ஆற்றல் உற்பத்தி குறையலாம், அல்லது உயிர்ச்சத்து ஒன்று உரிய இடத்தைச் சென்றடையாமல் போகலாம்.

உட்செவி இம்மூன்றுக்கும் எளிதில் இரையாகும் உறுப்பு. காக்ளியா எனப்படும் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. இவை ஒலியதிர்வை மின்குறிப்பாக மாற்றுகின்றன. மனிதரில் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நத்தைச்சுருளின் பக்கச் சுவரில் குருதி நுண்குழாய்கள் அடர்ந்த திசுப்பட்டை ஒன்று, பொட்டாசியம் அயனிகளை ஓயாமல் இறைத்து உட்செவி நீர்மத்தை ஏறத்தாழ +80 மில்லிவோல்ட்டு மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. இது ஒரு மின்கலம் போன்றது. ஆற்றல் குறைந்தால் முதலில் தளர்வது இதுவே. மயிரணுவிலிருந்து மூளைத்தண்டுக்குச் செல்லும் செவிநரம்பு தனியாகவும் கெடலாம்.

ஒலிவாங்கி பழுதா, மின்கலம் பழுதா, கம்பி பழுதா என்று பார்த்த பின்பே ஒலிபெருக்கியைத் திருத்த முனைவோம். இங்கும் அதே முறைதான். பழுது எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தே எந்தக் கருவி பயன்படும் என்பது அமைகிறது.

உறவுமுறைத் திருமணமும் நிகழ்தகவும்

இந்நோய்களுள் பெரும்பாலானவை ஒடுங்குநிலை மரபுப் பண்புகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான படி ஒன்று வந்தால்தான் குழந்தைக்கு நோய் தோன்றும். ஒரு படி மட்டும் உடையவர் நலமாகவே இருப்பார். அவர் நோயின் கடத்தி எனப்படுவார்.

தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் ஆகிய முறைகளில் மணம் புரிவது நெடுங்கால வழக்கம். 2019–21 இல் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படியும் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவையே. இது இந்திய சராசரியைவிட மிக அதிகம். இதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு மரபணுவின் பிழையான படி 500 இல் ஒன்று என்ற அளவில் மக்களிடையே இருப்பதாகக் கொள்வோம். உறவில்லாதோர் மணந்தால் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2,50,000 இல் ஒன்று. மாமன் மகளை மணந்தால் அது ஏறத்தாழ 7,800 இல் ஒன்று. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறக்கும் குழந்தையில் ஏறத்தாழ 4,000 இல் ஒன்று, அதாவது அறுபது மடங்கிற்கும் மேல். நோய் எவ்வளவு அரிதோ அந்த அளவுக்கு இம்மடங்கு கூடும் என்பது கவனிக்கத்தக்கது.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே 4,000 குழந்தைகளில் 3,999 பேருக்கு அந்நோய் இராது. நோயுற்ற குழந்தையின் பெற்றோரைக் குறை கூறுவதற்கு இக்கணக்கு பயன்படாது. காது கேளாத குழந்தையின் பெற்றோர் உறவினர் என்று தெரிந்தால், வளர்சிதைமாற்ற நோய் உண்டா என்று ஒருமுறை பார்ப்பதற்கு மட்டும் இது போதிய காரணம் ஆகும்.

பயோட்டினிடேசு குறைபாடு

தடுக்கக்கூடிய காது கேளாமைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. பயோட்டின் என்பது பி வகை உயிர்ச்சத்துகளுள் ஒன்று. உடல் இதைப் பயன்படுத்திய பின் மீட்டெடுத்து மறுபடியும் பயன்படுத்துகிறது. அம்மீட்பு வேலையைச் செய்வது பயோட்டினிடேசு என்னும் நொதி. இந்நொதி குறைந்த குழந்தை பிறக்கும்போது நலமாகவே தோன்றும். சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து வலிப்பு, தசைத் தளர்ச்சி, தோலில் தடிப்பு, முடி உதிர்தல், தள்ளாட்டம் ஆகியவை தொடங்கும். கண்ணரம்பு நலியும். கடுமையான குறைபாடு உடைய, மருத்துவம் பெறாமல் அறிகுறிகள் வெளிப்பட்ட குழந்தைகளில் நான்கில் மூவருக்குக் காது கேளாமை உண்டாகிறது.

நாளொன்றுக்கு 5 முதல் 20 மில்லிகிராம் வரை பயோட்டினை வாய்வழி தந்தால் வலிப்பு நிற்கும், தோல் ஆறும், முடி மீண்டும் வளரும். ஆனால் இழந்த கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. அறிகுறி தோன்றும் முன்பே தொடங்கினால் காது கேளாமை வருவதே இல்லை. ஆக, ஒரு குழந்தை வாழ்நாள் முழுதும் காதுக்கருவியோடு வாழ்வதா இல்லையா என்பதை முதல் சில வாரங்களில் தரும் மாத்திரை முடிவு செய்கிறது.

உலகளவில் ஏறத்தாழ 60,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இக்குறைபாடு காணப்படுகிறது. பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளிக் குருதியை வடிதாளில் உலர்த்தி அனுப்பி இதைக் கண்டறிகின்றனர். இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை செய்யும் தேசியத் திட்டம் இல்லை. தனியாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். அவ்வாறு செய்யும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இந்நொதி வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதையக்கூடியது. அக்கினி நட்சத்திர வெயிலில் அஞ்சலில் கிடந்த வடிதாள், நலமான குழந்தைக்கும் நொதி குறைவு என்று காட்டிவிடலாம். அதனால் குறைவு என்று வந்த முடிவை இரண்டாவது மாதிரி கொண்டு உறுதி செய்வது வழக்கம். உறுதியாகும் வரை காத்திராமல் பயோட்டினைத் தொடங்குவதும் வழக்கமே. அதனால் தீங்கு இல்லை.

பச்சை முட்டையின் வெண்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டினைப் பற்றிக்கொள்ளும். எனவே இக்குழந்தைகளுக்குப் பச்சை முட்டை தரலாகாது. வேகவைத்த முட்டைக்குத் தடையில்லை.

மதராசு நரம்பியக்க நோயும் ரைபோஃபிளேவினும்

1970 இல் சென்னையைச் சேர்ந்த மீனாட்சிசுந்தரம், செகந்நாதன், இராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள், இளம் வயதினரைத் தாக்கும் ஒருவகை நரம்பியக்க நோயை விவரித்தனர். கைகால்கள் மெலிந்து வலுவிழத்தல், முகத் தசைகளும் நாவும் தளர்தல், விழுங்குவதில் இடர் ஆகியவற்றோடு, பலருக்குக் காது கேளாமையும் இருந்தது. மேலைநாடுகளில் முதியோரைத் தாக்கும் நரம்பியக்க நோயைவிட இது மெதுவாக முற்றுவது. தென்னிந்தியாவிலேயே மிகுதியாகக் காணப்பட்டதால் இதற்கு மதராசு நரம்பியக்க நோய் என்ற பெயர் உலக மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. ஊர்ப் பெயர் மாறிய பின்னும் நோயின் பெயர் மாறவில்லை.

இதனோடு ஒத்த தோற்றமுடைய மற்றொரு நோய் பிரௌன்–வியலெட்டோ–வான் லேர் கூட்டறிகுறி ஆகும். 1894 இல் பிரௌன், 1936 இல் வியலெட்டோ, 1966 இல் வான் லேர் ஆகியோர் இதைத் தனித்தனியே விவரித்தனர். காது கேளாமை முன்வந்து, சில காலம் கழித்து விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்வது இதன் இயல்பு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இது காரணம் தெரியாத நரம்பு நோயாகவே கருதப்பட்டது. 2010 இல் இதன் மரபணு கண்டறியப்பட்டபோதுதான் இது உண்மையில் ஒரு வளர்சிதைமாற்ற நோய் என்பது புலனாயிற்று. அம்மரபணு, ரைபோஃபிளேவின் எனப்படும் பி2 உயிர்ச்சத்தை உயிரணுக்களுக்குள் கொண்டுசெல்லும் புரதத்திற்கு உரியது. 2012 இல் இதே பணியைச் செய்யும் இரண்டாவது மரபணுவும் தொடர்புடையது என அறியப்பட்டது. இதனால் இந்நோய் இன்று ரைபோஃபிளேவின் கடத்திக் குறைபாடு என்றும் வழங்கப்படுகிறது.

மருத்துவம் எளிது: ரைபோஃபிளேவினை மிக உயர்ந்த அளவில் வாய்வழி தருதல். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி 50 மில்லிகிராம் வரையும் அதற்கு மேலும் தரப்படுகிறது. 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 300 முதல் 1,500 மில்லிகிராம். மருந்துக்கடையில் வாங்கும் பி காம்ப்ளக்சு மாத்திரையில் ரைபோஃபிளேவின் 10 மில்லிகிராம் அளவிலோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். எனவே "சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தோம், பயனில்லை" என்பதைக் கொண்டு இந்நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. சிறுநீர் அடர்மஞ்சள் நிறமாவது தவிர இம்மருந்தால் குறிப்பிடத்தக்க தீங்கு அறியப்படவில்லை. முன்கூட்டித் தொடங்கியோருள் பலரது தசைவலு மீண்டுள்ளது, மூச்சுக் கருவியிலிருந்து விடுபட்டோரும் உண்டு. சிலருக்குக் கேட்கும் திறனும் ஓரளவு மேம்பட்டது.

மதராசு நோய் உடையோரில் பெரும்பாலோர்க்கு இம்மரபணுப் பிழைகள் காணப்படவில்லை. அதன் காரணம் இன்றும் தெளிவாகவில்லை. எனவே இரண்டும் ஒன்றே எனக் கொள்வது தவறு. ஆயினும் தோற்றத்தில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். ஒன்றுக்கு மருந்து உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. தென்தமிழ்நாட்டில் ஓர் இளைஞருக்குக் காது கேளாமையும் நாத்தளர்ச்சியும் சேர்ந்து வந்தால், மதராசு நோய் என்று பெயர் எழுதிக் கோப்பை மூடுவதற்கு முன் மரபணுச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும் வரை ரைபோஃபிளேவின் தருவதே முறையாகும்.

சர்க்கரை நோயுடன் வரும் காது கேளாமை

தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் பரவலாக உள்ளதால், சர்க்கரையும் காது கேளாமையும் ஒருவருக்குச் சேர்ந்து வந்தால் யாரும் வியப்பதில்லை. ஆனால் இவ்விரண்டும் ஒரு குடும்பத்தில் தாய்வழியாக மட்டும் இறங்கினால், அதாவது பாட்டிக்கும் அவர் மக்களுக்கும் மகள்வழிப் பேரப்பிள்ளைகளுக்கும் இருந்து, மகன்வழிப் பேரர்களுக்கு இல்லாவிட்டால், இழைமணி நோயை எண்ண வேண்டும். உயிரணுவின் ஆற்றல் நிலையமான இழைமணிக்குத் தனி மரபணுத்தொகுதி உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே வருவது. அதன் 3243 ஆம் இடத்தில் நேரும் ஒற்றை எழுத்து மாற்றம், மெலிந்த உடலினருக்கு நடுத்தர வயதுக்கு முன்பே சர்க்கரை நோயையும் காது கேளாமையையும் தருகிறது. சிலருக்குப் பக்கவாதம் போன்ற தாக்குதல்களும் வலிப்பும் வரலாம்.

இங்குப் பழுது பெரும்பாலும் நத்தைச்சுருளின் மின்கலத்திலும் மயிரணுக்களிலும்தான், நரம்பில் அன்று. அதனால் காக்ளியர் பதியம் இவர்களுக்கு நன்கு பயன்படுகிறது. இழைமணி மரபணுத்தொகுதியில் 1555 ஆம் இடத்து மாற்றம் உடையோர் வேறொரு வகையில் இடருக்கு உள்ளாவர். செண்டாமைசின், அமிக்கேசின், இசுட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளைச் சில நாள் ஊசியாகப் போட்டாலே இவர்களது கேட்கும் திறன் அழிந்துவிடலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இது தெரிந்தால், தாய்வழி உறவினர் அனைவரும் தம் மருத்துவச் சீட்டில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோய், பேரணுக் குருதிச்சோகை, காது கேளாமை மூன்றும் கூடி வருவது தயமினுக்கு இணங்கும் குருதிச்சோகை எனப்படும். 1969 இல் விவரிக்கப்பட்ட இந்நோயில், பி1 உயிர்ச்சத்தான தயமினை உயிரணுக்களுக்குள் கொண்டுசெல்லும் புரதம் குறைபடுகிறது. தயமினை உயர்ந்த அளவில் தந்தால் குருதிச்சோகை நீங்குகிறது, இன்சுலின் தேவை குறைகிறது. காது மட்டும் பொதுவாக மீள்வதில்லை. அதற்குக் கருவியே வழி.

மியூக்கோபாலிசாக்கரைடோசிசு

நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைச் சிதைக்கும் நொதிகள் குறைவதால் அவை உடலெங்கும் தேங்கும் நோய்க்குடும்பம் இது. அர்லர், அண்டர், மோர்கியோ ஆகியவை இதன் வகைகள். அண்டர் வகை எக்சு நிறப்புரி வழி வருவதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். தடித்த முகம், அடிக்கடி சளி, குடலிறக்கம், மூட்டு விறைப்பு, குள்ளம் ஆகியவை அறிகுறிகள். ஓயாத சளியும் நடுக்காதில் நீர் கோர்த்தலும் முதலில் காதுமூக்குத்தொண்டை மருத்துவரிடமே கொண்டுசேர்ப்பதால், இந்நோயை முதலில் ஐயுறும் வாய்ப்பும் அவருக்கே மிகுதி.

காது கேளாமை இங்கு இருவகையும் கலந்தது. நடுக்காது நீரை வடிக்கச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவர். உட்செவிக் குறைக்குக் காதின் பின்புறம் அணியும் கருவி தருவர். இக்குழந்தைகளின் காதுத்துளை குறுகலாக இருப்பதால் மென்மையான அச்சும், அது வளர வளர மாற்றுதலும் தேவை. நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தை கருவியைப் பிடுங்கி எறிவதும் வழமையே. தலைப்பட்டையில் கட்டி வைப்பது உதவும்.

பரிசோதனைகள்

காது கேளாமைக்குப் பிறந்த குழந்தையிடம் பரவலாகச் செய்யப்படுவது செவி எதிரொலிச் சோதனை. மருத்துவமனைகளில் இது ஓ.ஏ.ஈ. என்று வழங்கும். மயிரணுக்கள் இயங்குகின்றனவா என்பதை மட்டுமே இது காட்டும். நரம்பும் மூளைத்தண்டும் இயங்குகின்றனவா என்பதைக் காட்டுவது பெரா சோதனை. ரைபோஃபிளேவின் கடத்திக் குறைபாடு போன்றவற்றில் மயிரணு நன்றாக இருக்கும், நரம்பு கெட்டிருக்கும். அப்போது முதற்சோதனையில் தேறிய குழந்தை இரண்டாவதில் தேறாது. ஒலி கேட்கிறது ஆனால் சொல் புரியவில்லை என்பதே இவர்களது குறை. இந்நிலை செவிநரம்புப் பிறழ்வு எனப்படும். முதற்சோதனையை மட்டும் செய்துவிட்டுக் காது நன்றாயிருக்கிறது என்று அனுப்பப்பட்ட குழந்தையைப் பெற்றோர் ஐயுற்றால், பெரா கேட்பது அவர்கள் உரிமை.

பிறந்தவுடன் தேறிய குழந்தைக்கும் பின்னர் காது கெடலாம் என்பதால், நோய் உறுதியானவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் கேட்டல் அளவீடு செய்யப்படுகிறது. கருவியின் அளவீடும் அதற்கேற்ப மாற்றப்பட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அமைத்த கருவியை அப்படியே அணிந்து திரிவது பழைய மூக்குக்கண்ணாடி அணிவது போன்றதே.

பதியமும் அறுவை இடர்களும்

காக்ளியர் பதியம் என்பது மயிரணுக்களைத் தாண்டி மின்முனைகள் வழியே செவிநரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி. மருத்துவமனைகளில் காக்ளியர் இம்பிளான்ட்டு என்றே வழங்குகிறது. செவிநரம்பு நன்றாக இருந்தால் பயன் மிகுதி. நரம்பு கெட்டிருந்தால் பயன் ஆளுக்கு ஆள் மாறும். ஆயினும் ரைபோஃபிளேவின் கடத்திக் குறைபாடு உடையோரிலும் பயன் பெற்றவர் உண்டு.

வளர்சிதைமாற்ற நோயாளிக்கு அறுவையைவிட மயக்கமருந்தே பெரிய இடர். அர்லர், அண்டர், மோர்கியோ குழந்தைகளுக்கு நாக்கும் தொண்டைத் திசுக்களும் தடித்திருப்பதால் மூச்சுக்குழாய் செலுத்துவது மிகக் கடினம். கழுத்தெலும்பு உறுதியற்றிருப்பதால் தலையைப் பின்னுக்கு வளைத்தாலே தண்டுவடம் நசுங்கலாம். காதுக்குழாய் பொருத்தும் சிறிய அறுவையாயினும், கழுத்துப் படம் எடுத்துப் பார்த்து, இத்தகைய குழந்தைகளைக் கையாண்ட மயக்கமருந்து மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும். வேறு சில நோய்களில் அறுவைக்கு முந்திய இரவுப் பட்டினியே குழந்தையை மயங்க வைத்துவிடும். பட்டினி நேரம் முழுதும் குளுக்கோசு நீர் ஏற்ற வேண்டும் என்பதைச் சேர்க்கை நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று பலரும் எண்ணாதது. பதியத்தில் காந்தம் உள்ளது. மூளையை அடிக்கடி காந்த ஒத்ததிர்வுப் படம் எடுக்க வேண்டிய நோயாளிக்கு அக்காந்தம் படத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும். எனவே அறுவைக்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்தலும், எந்த வகைப் பதியம் என்பதை நரம்பியல் மருத்துவரோடு பேசித் தேர்தலும் வேண்டும்.

ரெஃப்சம் நோயும் உணவும்

நோர்வே மருத்துவர் சிக்வால்டு ரெஃப்சம் 1940களில் விவரித்த இந்நோயில் ஃபைட்டானிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் சிதையாமல் சேர்கிறது. மாலைக்கண், முகரும் திறன் இழப்பு, கைகால் மரத்துப்போதல், பின்னர் காது கேளாமை என்று வளர்வது. அசைபோடும் விலங்குகளின் கொழுப்பே இவ்வமிலத்தின் முதன்மை ஊற்று. ஆகவே நெய், வெண்ணெய், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியன விலக்கு. நெய்யொழுகும் திருநெல்வேலி அல்வாவும் அப்பட்டியலில் சேர்வது இவ்வூர்க்காரர்க்கு வருத்தமான செய்திதான். கீரைகளுக்குத் தடையில்லை. விரதமும் விரைவான எடைக்குறைப்பும் இவர்களுக்கு ஆகாது. உடற்கொழுப்பு கரையும்போது அதில் தேங்கிய அமிலம் ஒரேயடியாகக் குருதியில் கலந்துவிடும்.

கண்ணும் காதும் ஒருங்கே நலியும் இத்தகைய நோய்களில் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியை மட்டும் நம்ப இயலாது. பார்வை குறையுமுன்பே பதியத்தையும் தொடுமுறைத் தொடர்பையும் திட்டமிட வேண்டும்.

மொழிப் பயிற்சி

தமிழில் பொருளின் பெரும்பகுதி சொல்லின் இறுதியில் உள்ளது. வந்தான், வந்தாள், வந்தார் என்பன கடைசி மெய்யொன்றில் மட்டுமே வேறுபடுகின்றன. வீட்டை, வீட்டில், வீட்டுக்கு என்பனவும் அவ்வாறே. பேசும்போது சொல்லிறுதி தாழ்ந்து ஒலிப்பதால் காது மந்தமான குழந்தை முதலில் இழப்பது இவ்விறுதிகளையே. வேர்ச்சொல் கேட்கும், யார் வந்தார் என்பது கேட்காது. உதட்டைப் பார்த்தாலும் ப, ம இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால் படம், மடம் பிரிவதில்லை. ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆங்கில நூல்களிலிருந்து எடுத்த சொற்பட்டியல்கள் இக்குழந்தைகளுக்கு அரைகுறையாகவே உதவும். தமிழின் ஈறுகளை வைத்தே பயிற்சி அமைய வேண்டும். அதுவும் வீட்டில் பேசும் நெல்லை வழக்கில் தொடங்குவது சிறப்பு. "வருகிறார்கள்" என்பதைப் பயிற்சியாளரிடமும் "வாராவ" என்பதை ஆச்சியிடமும் கேட்கும் குழந்தைக்கு இவை இரண்டும் ஒன்றே என்று யாரேனும் சொல்லித்தர வேண்டும்.

காது மேலும் மேலும் கெடக்கூடிய நோய்களில், ஓரளவு கேட்கும்போதே சைகை மொழியையும் கற்பிப்பது அறிவுடைமை. சைகை கற்றால் பேச்சு வராது என்ற அச்சத்திற்குச் சான்று இல்லை. இதற்குத் திருநெல்வேலிப் பகுதியினர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் 1890களில் ஃபுளோரன்சு சுவைன்சன் அம்மையார் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி, இந்தியாவின் மிகப் பழைய காதுகேளாதோர் பள்ளிகளுள் ஒன்று. இன்று அவர் பெயராலேயே மேல்நிலைப் பள்ளியாக இயங்குகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆன் ஆசுக்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும் அவ்வூரிலேயே உள்ளது. தென்னிந்தியாவின் ஆக்சுஃபோர்டு என்று பாளையங்கோட்டை பெயர் பெற்றதற்கு அதன் கல்லூரிகளையே காரணம் காட்டுவர். இவ்விரு பள்ளிகளையும் அவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து செல்லும் வழிகள்

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் 1965 முதல் இயங்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இப்பகுதியின் பெரிய அரசு மருத்துவமனைகளுள் ஒன்று. கேட்டல் சோதனைகளும் பதிய அறுவையும் இங்கு உண்டு. 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கண்டறியப்படும் குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர். பிறவிக் காது கேளாமை அத்திட்டம் தேடும் குறைகளுள் ஒன்று.

மரபணு நோயறிதலுக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் நெடுங்காலமாக நாடப்படுபவை. இரண்டும் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. திருவனந்தபுரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். அங்குள்ள எசு.ஏ.டி. மருத்துவமனை, அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ் அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்களுள் ஒன்று. மாநில எல்லையைத் தாண்டத் தயங்கி இரு நாள் பயணம் மேற்கொள்வது தேவையற்றது. 2021 இல் வெளியான அக்கொள்கை, பட்டியலில் உள்ள நோய்களுக்கு இத்தகைய மையங்கள் வழியாக உதவி தருகிறது. 2022 இல் உச்சவரம்பு நோயாளி ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நொதி மாற்று மருந்துகளின் விலையைப் பார்க்கையில் இத்தொகை நெடுநாள் தாங்காது. ஆனால் பயோட்டின், ரைபோஃபிளேவின், தயமின் ஆகியவற்றுக்கு இவ்வளவு தேவையே இல்லை.

கருவியைப் பொறுத்தவரை, தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் பதியம் கட்டணமின்றிப் பொருத்தப்படுகிறது. ஒன்றிய அரசின் அடிப் திட்டம் பிறவியில் கேளாத குழந்தைகளுக்கு ஐந்து வயது வரையும், பேச்சு வந்தபின் கேட்கும் திறன் இழந்தோர்க்குப் பதினெட்டு வயது வரையும் உதவுகிறது. இவ்வயது வரம்புகள் பிறவிக் கேளாமையை மனதில் வைத்து வகுக்கப்பட்டவை. வளர்சிதைமாற்ற நோய்கள் சிலவற்றில் காது பத்து வயதிலோ இருபதிலோ முப்பதிலோதான் கெடத் தொடங்குகிறது. அவ்வாறு இருபது வயதில் கேட்கும் திறனை இழப்பவருக்கு இவ்விரு திட்டங்களின் பதிய உதவியும் கிட்டுவதில்லை. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு உடையவர் காது கேளாதவர், 60 முதல் 70 டெசிபல் இழப்பு உடையவர் கேட்கும் திறன் குறைந்தவர். இச்சான்றிதழ் பெற்றவர் காதுக்கருவிக்கு விண்ணப்பிக்கலாம், பதியத்திற்கு அன்று.

உடன்பிறந்தோர்

ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால் அதே பெற்றோரின் ஒவ்வோர் அடுத்த கருவிலும் நோய் வரும் வாய்ப்பு, ஒடுங்குநிலை நோயாயின், நான்கில் ஒன்று. மூத்த குழந்தையின் மரபணுப் பிழை எழுத்து வடிவில் கையில் இருந்தால் கருவுற்ற பத்துப் பதினொரு வாரத்திலேயே சோதித்தறியலாம். சோதனைக்கு விருப்பமில்லாத பெற்றோரும் அம்முடிவுத் தாளைப் பேறுகால மருத்துவரிடம் காட்டி வைப்பது நலம். பயோட்டினிடேசு குறைபாடு உள்ள குடும்பத்தில் பிறக்கும் குழந்தைக்கு முதல் நாளே பயோட்டினைத் தொடங்கிவிட்டு, சோதனை முடிவு நலம் என்று வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். நோய் உண்டு என்று வந்தாலும் மூத்த குழந்தை அணியும் காதுக்கருவி இளைய குழந்தைக்குத் தேவைப்படாது.